நிம்மதியா, அவதியா? கார் இல்லாத வீட்டின் தரப்பு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘கார் இல்லாத குடும்ப வாழ்க்கை நிம்மதியா, அவதியா?’ என்பது இன்றைய வழக்கு. நிம்மதியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இருபது நிமிடம் தாமதமாக வந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இங்கே சென்னை மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் தேர் பங்குனியில் ஒருமுறைதான் மாட வீதிகளைச் சுற்றும். தலைவரின் கார் இன்று மாலை மட்டும் மூன்று சுற்று சுற்றியிருக்கிறது! கடைசியில் மூன்று தெரு தள்ளித்தான் இடம் கிடைத்ததாம். நானோ வேளச்சேரியில், தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில் ஏறி, ஐந்து ரூபாய் டிக்கெட்டில் திருமயிலையில் இறங்கி, கோயில் வாசலில் சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு, நாற்காலியும் பிடித்துவிட்டேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார், “ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் கைதட்டலோடு அமர்ந்தார். நியாயமான கேள்வி. அம்மா, அது எங்கள் வீட்டில் நடந்தது.

வலி என் மாமியாருக்கு. 108-ஐ அழைத்தோம். ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது, ஆனால் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. எங்கள் தெரு இருபது அடித் தெரு. இரு பக்கமும் கார்கள் உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. மாமியாரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, என் கணவர் ஒரு பக்கமும் கீழ்வீட்டுத் தம்பி ஒரு பக்கமும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் மாத்திரைப் பையோடு ஓடிய என் முழங்கை ஒரு காரில் இடித்தது. அது ஊரைக் கூட்டி அலறியது. கார்க்காரர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். காரைத்தான்.

எங்களிடம் ஒரு கார் இருந்திருந்தால்? எங்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. அந்த வரிசையின் வாலில் எங்கள் காரும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். ஆனாலும் அன்று விடியும்வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கார் ஆசை வந்தது. மறைக்கமாட்டேன். நடுவர் அவர்களே, அந்த ஒரு மதிப்பெண்ணை எதிரணிக்கே கொடுத்துவிடுங்கள். பொங்கலுக்கு மூட்டை முடிச்சோடும் குழந்தையோடும் ஊருக்கு பஸ் பிடிக்கக் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய்ச் சேர்வதற்குள் படும் பாட்டுக்கு இன்னொன்றும் கொடுங்கள். எங்கள் அணிக்குத் தாராள மனசு.

அந்த மாமியார் இப்போது நன்றாக இருக்கிறார். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது அல்லவா? வெள்ளிக்கிழமை தவறாமல் தனியாகவே பஸ் ஏறிக் கோயிலுக்கு வந்துவிடுகிறார். ரயிலில் போனால் சீக்கிரம் போகலாமே அத்தை என்றால், “அதற்கு ஐந்து ரூபாய் கொடுக்க வேண்டும்” என்கிறார். சில நாள் அரை மணி நேரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார். வந்து அதையும் எங்களிடம் ஒரு பாட்டம் சொல்லித் தீர்க்கிறார்.

எதிர்வீட்டு மாமிக்கும் அதே வயதுதான். அவர் வீட்டில் கார் இருக்கிறது. “பையனுக்கு ஒழிகிறபோது கூட்டிப்போவான்” என்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். கார் வந்த பிறகு பஸ்ஸில் போனால் பையனுக்குக் கௌரவக் குறைச்சலாம். கார் குடும்பத்துக்கு என்று சொல்லித்தான் வாங்குகிறோம். சாவி ஒருவர் சட்டைப் பையில் இருக்கிறது. மற்றவர்களெல்லாம் அவருக்கு ஒழியும் நேரத்தை எதிர்பார்த்து வாழ்கிறோம்.

சரி, கணக்குக்கு வருவோம். எட்டு லட்சம் கடன், ஒன்பது சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 12,870 ரூபாய். பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ் தனி. கல்யாண சீசனில்கூட எங்கள் ஆட்டோ, டாக்சி செலவு அதில் பாதியைத் தொட்டதில்லை. இடக்கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஒதுக்குகிறார்கள், அதாவது சுமார் 135 சதுர அடி. என் மகள் படுத்து, படித்து, சண்டை போட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும் அறை பத்துக்குப் பத்து!

“பஸ்ஸும் ரயிலும் ஒழுங்காக இருந்தால் நாங்கள் ஏன் கார் வாங்கப்போகிறோம்?” என்றார் தலைவர். உண்மைதான். 2007-இல் வேளச்சேரிக்கு வந்த பறக்கும் ரயிலை அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பரங்கிமலைக்குக் கொண்டுபோகும் வேலை 15 ஆண்டுகளையும் தாண்டி இழுத்தது. ஏன் இழுத்தது என்றால் நிலம், வழக்கு என்று ஆயிரம் சொல்வார்கள். நான் ஒன்று சொல்கிறேன். அதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடிய செல்வாக்கு உள்ளவர்களெல்லாம் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்கள். வெளியே வெயிலில் நிற்பவர்கள் கேட்டால் யார் காதில் விழும்?

மழைக்காலம் வந்தால் எங்கள் ஏரியாவுக்கு வந்து பாருங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் கார்களை மூழ்கடித்துக் கொடுத்த பாடம். அடுத்த ஆண்டு அக்டோபரில் எச்சரிக்கை வந்த உடனே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி ஏறிவிட்டன. எதிர்வீட்டுப் பையன் இரவிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு உடம்பு சரியில்லையோ என்னவோ! நாங்கள் வாசலில் மணல் மூட்டை போட்டுவிட்டு, மாமியார் செய்த வெங்காய பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தோம்.

நடுவர் மணி அடித்துவிட்டார். வெளியே தூறல் ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது. எதிரணித் தலைவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐயா, உங்கள் கார் மூன்று தெரு தள்ளி நிற்கிறது. என் பையில் குடை இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள், கார் வரைக்கும் கொண்டுவந்து விட்டுவிட்டு நான் ரயிலுக்குப் போகிறேன்.