ஓட்டு ஒட்டியிருந்த மனைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகருக்கு அருகில் ஒரு மொட்டை மேடு உண்டு. ஓல்டு சாரம் என்று பெயர். ஊரே இல்லாத அந்த மேட்டிலிருந்து 1832 வரை இரண்டு உறுப்பினர்கள் நாடாளுமன்றம் போனார்கள். தேர்தல் மரத்தடியில் நடக்கும். கடைசிக் காலத்தில் வாக்காளர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் தேறினால் அதிகம். அப்போது லட்சத்துக்கு மேல் ஜனம் இருந்த மான்செஸ்டருக்குத் தனி உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது.

1698 முதல் 1709 வரை நம் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்த தாமஸ் பிட்தான் இந்தத் தொகுதிக்குச் சொந்தக்காரர். ஆமாம், சொந்தக்காரர். வாக்குரிமை மனையோடு ஒட்டியது; மனையை வாங்கினால் ஓட்டும் கூடவே வரும். பின்னாளில் பிரதமரான அவருடைய பேரன் மூத்த பிட் 1735இல் அவைக்குள் நுழைந்ததும் இந்த மேட்டின் வழியாகத்தான். கொள்ளுப்பேரன் இளைய பிட்டோ, 1782இல் அதே அவையில் எழுந்து, ஆற்காட்டு நவாபுக்கே இங்கே ஏழெட்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தொகுதி முறையில் சீர்திருத்தம் கேட்டார். நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர்கள் தொகுதிகளை விலைக்கு வாங்கிய காலம் அது. இப்படிப் பேசிய பிட்டும் ஒரு பெருந்தனக்காரர் தயவில்தான் உறுப்பினர் ஆனவர்! தீர்மானம் தோற்றது.

பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அந்தப் பயத்தில் சீர்திருத்தப் பேச்சு அடங்கிப் பல ஆண்டுகள் ஓடின. 1819இல் மான்செஸ்டரில் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய கூட்டத்தின்மேல் குதிரைப்படையை ஏவினார்கள். அப்போதும் சட்டம் அசையவில்லை.

அசைத்தது, ஆட்சியில் இருந்த பழமைவாத டோரிக் கட்சியின் உட்பூசல். 1829இல் பிரதமர் வெலிங்டன் டியூக்கின் அரசு கத்தோலிக்கர்களுக்கு அவையில் அமரும் உரிமை கொடுத்தது. ஓல்டு சாரம் போன்ற உளுத்துப்போன தொகுதிகள் கையில் இருந்ததால்தான் அரசால் இதைச் செய்ய முடிந்தது என்று கொதித்த தீவிர டோரிகள் சிலர், தாங்களே சீர்திருத்தம் பேசத் தொடங்கினார்கள். 1830 நவம்பரில் வெலிங்டன் கவிழ்ந்தார். எதிர்க்கட்சியான விக் கட்சியின் கிரே பிரதமரானார்.

அவருடைய சீர்திருத்த மசோதா 1831 மார்ச்சில் கீழவையில் 302க்கு 301 என்று ஒரே ஓட்டில் தப்பியது. அக்டோபரில் மேலவையான பிரபுக்கள் சபை அதன் மறுவடிவத்தை 41 ஓட்டு வித்தியாசத்தில் தள்ளியது. நாட்டிங்காம் கோட்டை எரிந்தது. பிரிஸ்டலில் மூன்று நாள் கலவரம். மறு ஆண்டு மே மாதம் வெலிங்டன் திரும்பி வரப் பார்த்தபோது, "டியூக்கைத் தடுக்கத் தங்கத்தைக் கேள்" என்று சுவரொட்டிகள் முளைத்தன. மக்கள் நோட்டைக் கொடுத்துத் தங்கம் கேட்க, இங்கிலாந்து வங்கியின் கையிருப்பு மளமளவென்று இறங்கியது. என் கணிப்பில், தெருவில் எரிந்த தீயைவிடப் பிரபுக்களை அதிகம் உறுத்தியது இதுதான். மசோதாவுக்கு ஓட்டுச் சேர்க்க, தேவைப்பட்டால் புதிய பிரபுக்களை நியமிக்க மன்னர் இசைந்தார். எதிர்த்தவர்களில் பலர் சபைக்கே வராமல் ஒதுங்கினார்கள். ஜூன் 7இல் சட்டம் ஆனது.

56 தொகுதிகள் அடியோடு போயின. நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை பெறும் வீட்டில் குடியிருக்கும் ஆணுக்கு ஓட்டு. சிக்கல் இங்கேதான். வாடகை ஏறிக் கிடந்த லண்டனில் கைவினைஞரும் இந்த வரம்புக்குள் வந்தார். வாடகை மலிவான லீட்ஸில் அதே தரத்து ஆள் வெளியே நின்றார். வந்தவருக்கும் ரகசிய ஓட்டு இல்லை. வேட்பாளர் பெயரை அதிகாரி முன்னால், வீட்டுக்காரரும் முதலாளியும் கேட்க, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டுப்பெட்டி வர 1872 ஆயிற்று.