ஊருக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘சிற்றூரில் குடிநோயாளியைப் பெரிதும் கெடுப்பது ஊரார் பேச்சா, வீட்டார் மறைப்பா?’ இதுதான் தலைப்பு. வீட்டார் மறைப்பே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், ‘ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அந்த வாய்க்குப் பயந்துதானே வீடு மறைக்கிறது?’ என்று கேட்டார். பயம் நியாயம்தான். நர்ஸ் அடுத்த தெரு, மருந்துக் கடைக்காரர் மாமாவின் கூட்டாளி. ஆனால் மறைத்து என்ன கண்டார்கள்? ஏலக்காய் மென்றால் வாய் மணக்கும், சரி. ஆல்கஹால் ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வருகிறதே, ஏலக்காய் அவ்வளவு தூரம் போகாதே ஐயா! பேசப் பக்கத்தில் வந்தவருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. தெரியாதவர் ஒருவர்தான். வைத்தியம் பார்க்கிற டாக்டர்.

கால் எலும்பு முறிந்து ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள் என்று வையுங்கள். ‘குடிப்பழக்கம் உண்டா?’ என்று கேட்கிறார்கள். மனைவி மாமியார் முகத்தைப் பார்க்கிறார். மாமியார், ‘அதெல்லாம் கிடையாதுங்க’ என்கிறார். படிவத்தில் ‘இல்லை’ என்று விழுகிறது.

கடைசி மடக்கு உள்ளே போய் 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. ‘வலி தாங்கலை போல’ என்பார்கள். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள்வாக்கில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையைப் பிய்ப்பார், டிரிப் ஊசியைப் பிடுங்குவார். திடீரென்று குடி நின்றதால் வருகிற இந்தப் பிதற்றல் நிலைக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். கவனிக்காவிட்டால் உயிரே போகும். படிவத்தில்தான் ‘இல்லை’ என்று இருக்கிறதே! தலையில் அடியா, கிருமித் தொற்றா, ரத்தத்தில் உப்புக் குறைவா என்று டாக்டர் ஒவ்வொன்றாகத் தேடுகிறார். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். முதல் நாளே தெரிந்திருந்தால், டயசெபாம் வகை அமைதிப்படுத்தும் மருந்தை அளவோடு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, பெரும்பாலும் இந்தக் கட்டம் வராமலே பார்த்திருப்பார்கள். தயமின் என்கிற பி1 வைட்டமினையும் ஊசியாகப் போட்டிருப்பார்கள். நாள்பட்ட குடியில் அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். கண் அசைவு தடுமாறும், நடை தள்ளாடும், பிறகு ஞாபகமே போகலாம். ஊர் பேசிய பேச்சு எதுவும் அந்தப் படிவத்தில் ஏறவில்லை, நடுவர் அவர்களே. ஏறியது வீட்டார் சொன்ன ஒரு சொல்.

சில வீடுகள் பாதி உண்மை சொல்லும். ‘எப்பவாவது, கொஞ்சம்தான்.’ இந்தக் ‘கொஞ்சம்’ எத்தனை மில்லி? 180 மில்லி பிராந்தியிலோ விஸ்கியிலோ சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. சராசரி உடம்பு ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். இரவு 11 மணிக்குக் குடித்து முடித்தவர் விடிகாலை வண்டி எடுக்கும்போதும் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். தள்ளாடாமல் நடக்கிறாரே என்பது சமாதானம் ஆகாது. அவ்வளவையும் தாங்கும்படி உடம்பு பழகிவிட்டது என்றுதான் அதற்குப் பொருள்.

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர், ‘யாருக்கும் தெரியாமல் நாலு நாள் அறையில் பூட்டிவைத்தால் தெளிந்துவிடும்’ என்றார். கைதட்டல் கூட விழுந்தது. தினமும் நிறையக் குடிப்பவருக்கு அந்த நாலு நாள்தான் மிக ஆபத்தான நாள்கள். வலிப்பு வந்தால் பூட்டிய அறைக்குள் யார் பார்ப்பது? இன்னும் சில வீடுகளில் டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்து அவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கிறார்கள். அது குடிக்கும் ஆசையைக் குறைக்கிற மருந்தே இல்லை; குடித்தால் உடம்பைப் படுத்துகிற மருந்து. தெரியாமல் ஒரு மடக்கு குடித்தாலும் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் விழுந்து, இதயமே தடுமாறலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை இந்த ஆபத்து உண்டு. மறைக்கப் பழகிய வீடு, மருந்தையும் மறைத்துத்தான் கொடுக்கிறது!

‘அப்படியானால் மைக்கில் அறிவிக்கச் சொல்கிறீர்களா?’ என்பார்கள். வேண்டாமே. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில், வந்தவர் முழுப்பெயர் வெளியே போகாது. ஆனால் ‘நான் குடிநோயாளி’ என்று உள்ளே வாய்விட்டுச் சொல்கிறார்கள். உள்ளூர் ஆஸ்பத்திரியில் கூச்சமா? அடுத்த ஊருக்குப் போங்கள். ‘தனியாகப் பேச வேண்டும்’ என்று டாக்டரிடம் கேளுங்கள். பேச வாய் வரவில்லையா, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: என்ன குடிக்கிறார், தினமும் எத்தனை மில்லி, எத்தனை வருடமாக, கடைசியாக எந்த நாள் எத்தனை மணிக்கு, காலையில் கை நடுங்குகிறதா, முன்பு வலிப்பு வந்ததா, தூக்க மாத்திரை ஏதும் சேர்த்து எடுக்கிறாரா. அரைப் பக்கம்கூட வராது.

எனக்கு அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளருக்கு ஒரே கேள்வி. மூன்றாம் நாள் இரவு, கட்டிலில் கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ‘கடைசியாக எப்போது குடித்தார்?’ என்று டாக்டர் கேட்கிறார். அந்த அறையில் ஊர் இல்லை ஐயா, மனைவியும் அம்மாவும்தான் நிற்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியது யார்?