பெருங்குடல் புற்றுநோய்: ரத்தத்தில் தெரிவது காரணமா, விளைவா?

(பிரிக்பீல்ட்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசியது)

எல்லாரும் பசியாறிவிட்டு வந்திருப்பீர்கள், நானும் எதிர்க்கடையில் இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுத்தான் மேடை ஏறினேன், குடலைப் பற்றிப் பேச இதைவிட நல்ல நேரம் கிடையாது.

மலேசிய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் பெருங்குடல் புற்றுநோய்தான். நோயாளியின் ரத்தத்தில், உணவை உடல் உடைத்து மாற்றும்போது உண்டாகும் நுண்பொருள்களில் சில கூடியிருக்கும், சில குறைந்திருக்கும். சரி, அதனால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அவை மாறினவா?

இதைப் பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் மரபணுவைப் பிடித்தார்கள். தாய் தகப்பனிடமிருந்து எது வரும் என்பது கருவிலேயே சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி முடிந்துவிடுகிறது, ஐம்பது வயதில் வரும் நோய் பின்னால் போய் அதை மாற்றாது. ஆக, ஒரு பொருளைப் பிறப்பிலேயே கூட்டி வைக்கும் மரபணு உள்ளவர்களுக்கு நோயும் கூடுதலா என்று பார்க்கலாம். அப்படிப் பார்த்ததில் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது அராக்கிடோனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலம். சமையல் எண்ணெயில் இருக்கும் லினோலெயிக் அமிலத்திலிருந்து உடலே இதைச் செய்துகொள்கிறது; அதை அதிகமாகச் செய்யவைக்கும் எஃப்ஏடிஎஸ்1 மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறக்கும் புரோஸ்டாகிளான்டின் இ2 என்ற பொருள் புற்றுக்கட்டிக்குத் தீனி போடுவதோடு, கட்டியைக் கொல்ல வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களையும் மந்தமாக்கிவிடுகிறது. ஆஸ்பிரின் அடைப்பது இந்த வழியைத்தான். லின்ச் என்ற பரம்பரைக் குறை உள்ளவர்களுக்குத் தினம் 600 மில்லிகிராம் கொடுத்தார்கள், இரண்டு வருடம் விடாமல் சாப்பிட்டவர்களுக்குப் பின்னாளில் இந்தப் புற்றுநோய் குறைந்தது. உடனே பார்மசிக்கு ஓடாதீர்கள், வயிற்றில் ரத்தம் கசியும், டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

டி செல்கள் சாதாரண ஆள் இல்லை. கட்டிக்குள் அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதை வைத்தே நோயாளியின் போக்கைக் கணிக்கலாம் என்று 2006-இல் பாரிஸில் ழெரோம் கலோன் குழு காட்டியது. ஆனால் கட்டிக்குள் இருப்பது வேறு, ரத்தத்தில் ஓடுவது வேறு.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். இப்போது ரத்தப் பொருள்களும் அவற்றின் விகிதங்களுமாக 1,400 அளவுகளையும், ரத்தத்தில் ஓடும் நோய் எதிர்ப்புச் செல்களின் 731 அளவுகளையும் கணினியில் போட்டு அலசுகிறார்கள். நூற்றுக்கு ஐந்து தற்செயலாகத் தேறும் என்றால், 1,400-இல் 70 வெறும் குருட்டு அதிர்ஷ்டம்! செல் கணக்கு சார்டீனியத் தீவு மக்களுடையது, நம் ஆட்கள் அதில் இல்லை. அந்த நீளப் பட்டியலை நம்பி யாராவது ரத்தப் பரிசோதனை விற்க வந்தால் காசைப் பையிலேயே வையுங்கள். 50 வயது தாண்டியவர்களுக்கு அரசாங்க கிளினிக்கில் மலத்தில் ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது. குச்சியில் கொஞ்சம் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான், வெட்கப்படுகிறவர்கள் அடுத்த பேச்சாளர் வருவதற்குள் என்னிடம் தனியாக வந்து கேளுங்கள்.