பாயும் நாற்காலியும்

அவையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம். முழங்கால் வலியோடு வந்திருப்பவர்களுக்குத் தனி வணக்கம். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. விதை ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் கிடைத்தது. அந்த யோசனையைக் கிண்டல் செய்ய நான் வரவில்லை. பிள்ளை தன் வேகத்தில் பாடங்களின் ஏணிப்படி ஏறும், தனக்கான பாட அட்டையைத் தானே எடுக்கும், ஆசிரியர் பாயில் பக்கத்தில் உட்காருவார். நல்ல விஷயம்தான். ஆனால் எனக்கு அப்போது வயது ஐம்பது. பாயில் உட்காரப் பயிற்சி கொடுத்தார்கள், எழுந்திருக்கக் கொடுக்கவில்லை.

ஒரு தடவை ஓர் அட்டையை மாதக்கணக்கில் காணோம். தேடினால், ஒரு பையன் பாய்க்கடியில் வைத்து அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறான். அடுத்த அட்டை மதிப்பீட்டு அட்டையாம்! தன் வேகத்தில் படிக்கட்டும் என்றுதானே சொன்னோம்? அவன் வேகம் அது.

வருகையையும் பிள்ளைகளே பதியலாம். வராதவனுக்கும் சேர்த்துக் குறி போட்டிருந்தாள் ஒருத்தி. கேட்டால், "வந்துருவான் சார், மாடு அவுத்துவிடப் போயிருக்கான்" என்கிறாள். நம்மைவிடத் துல்லியமான பதிவு.

அப்புறம் அந்த வானிலை அட்டவணை. தினமும் காலையில் பிள்ளைகள் வானத்தைப் பார்த்து வெயில், மேகம், மழை என்று குறிக்க வேண்டும். வியாழக்கிழமை அதிகாரி பார்வைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. கட்டம் காலியாக இருந்தால் வம்பு. திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் 'வெயில்' போட வைத்தேன். ஆமாம், நான்தான்.

வியாழக்கிழமை பிடித்தது பாருங்கள் ஒரு மழை! அதிகாரி நனைந்துகொண்டே உள்ளே வந்தார். பாயைக் காட்டினேன். "சேர் ஒண்ணு போடச் சொல்லுங்க" என்றார். தலைமையாசிரியர் அறையிலிருந்து நாற்காலி வந்தது. கைக்குட்டையால் தலையைத் துவட்டிக்கொண்டே சுவரைப் பார்த்தவர், "இன்னைக்கு வெயிலா?" என்றார்.

முன்வரிசைச் சிறுமி எழுந்து, "அது திங்கக்கிழமையே போட்டது சார்" என்றாள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார்: 'அட்டவணைகள் நாள்தோறும் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன.'