ஊர் கதைக்கும் வானொலி

(திருகோணமலையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது. அச்சுக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, கதிரை கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பி தங்கைமாரே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

1987 ஜூலை 29இல் இலங்கை இந்திய ஒப்பந்தம் கையெழுத்தானது எல்லோருக்கும் தெரியும். அன்றே பிரதமர் ராஜீவ் காந்தி ஜனாதிபதி ஜயவர்தனவுக்கு எழுதிய கடிதத்தை அவ்வளவு பேர் வாசித்திருக்க மாட்டார்கள். சின்னக் கடிதம்தான். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. எண்ணெய்க் குதங்களைப் புதுப்பிப்பது பற்றி இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு விடயம்: இலங்கையில் நிலையம் அமைக்கும் வெளிநாட்டு வானொலிகள் ஒலிபரப்பு மட்டும்தான் செய்ய வேண்டும், உளவு வேலைக்கோ இராணுவ வேலைக்கோ அவற்றைப் பயன்படுத்தக்கூடாது. துறைமுகம், எண்ணெய், வானொலி மூன்றும் ஒரே கடிதத்தில். அமெரிக்க வானொலியை மனதில் வைத்து எழுதியது என்பார்கள். இருக்கட்டும். வல்லரசுகள் வானொலிக்கு எவ்வளவு மதிப்புக் கொடுத்தன என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அந்த நாட்களில் நம்முடைய மாவட்டத்திலேயே பெரிய ஒலிபரப்பு நிலையம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் டொய்ச்சே வெல்லே வானொலி இங்கே மறுஒலிபரப்பு நிலையம் அமைத்து, சிற்றலையில் ஆசியா முழுவதற்கும் ஒலிபரப்பியது. 2013இல் அதை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். நூற்றுக்கணக்கான கிலோவாற் வலு, வானம் தொடும் கோபுரங்கள். எத்தனையோ நாட்டவர் தங்கள் மொழியில் செய்தி கேட்டார்கள். கோபுரத்துக்குக் கீழே வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவருக்கு மட்டும் அதில் ஒரு சொல்லும் இல்லை. நான் ஜெர்மன்காரரைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வந்த வேலை வேறு. இந்த ஊருக்கு மேலாகக் குரல்கள் போயின, இந்த ஊர் கதைத்தது குறைவு. இந்த ஊர் கதைக்க அதற்கென்று ஒரு வானொலி வேண்டும், இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

சரி, நாம் எதைக் கேட்டோம்? கொழும்பைக் கேட்டோம். 1925 டிசம்பர் 16இல் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது. தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் தொடக்கிவைத்தது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு, படையினருக்காக நடந்த றேடியோ சியாக்கின் பெரிய ஒலிபரப்பி நமக்குக் கிடைத்தது. 1949இல் ரேடியோ சிலோன், 1967இல் கூட்டுத்தாபனம். அறிவிப்பாளர்கள் மயில்வாகனத்தார், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று பெயர்களைச் சொன்னாலே முன்வரிசையில் தலைகள் ஆடுகின்றன. அவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பாட்டுகளைப் பற்றி அதைவிடக் கூடப் பேசியாகிவிட்டது.

என்னைக் கேட்டால், அந்த வானொலியில் ஊருக்கு மிக நெருக்கமான நிகழ்ச்சி பாட்டு அல்ல, மரண அறிவித்தல். சிரிக்காதீர்கள். "இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னாரின் மாமியாரும்" என்று அந்தக் குரல் நிதானமாக வாசிக்கத் தொடங்கினால் அடுப்படியில் அகப்பை நின்றுவிடும். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், பிள்ளைகள் இருக்கும் நாடுகள், கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம், எல்லாம் வரும். தந்தி போய்ச் சேரும் முன்னே றேடியோ போய்ச் சேர்ந்த வீடுகள் உண்டு. அதைக் கேட்டுவிட்டு பஸ் எடுத்துப் போய்ச் செத்த வீட்டில் நின்றவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். தேசிய வானொலி ஒன்று அந்தச் சில நிமிடங்களில் ஒரு தெருவின் வானொலியாக மாறியது. காசு கட்டித்தான் போட்டோம், அது வேறு கதை.

போர்க்காலத்தில் கொழும்பை மட்டும் நம்ப முடியாது என்று காது வெளியே போனது. லண்டன் பிபிசி தமிழோசை, மணிலா வெரித்தாஸ். தமிழோசை 1941 மே 3இல் தொடங்கி, 2017 ஏப்ரல் 30இல் வானொலிச் சேவையை நிறுத்தியது. பக்கத்துக் கிராமத்தில் என்ன நடந்தது என்று லண்டன் சொல்லித்தான் அறிந்தோம். இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பிறகு தனியார் பண்பலைகள் வந்தன. 1998இல் சூரியனும் சக்தியும். கலகலப்பான குரல்கள், தொலைபேசியில் நேயர்கள், நல்லதுதான். ஆனால் கலையகம் கொழும்பில். கொழும்பின் காலி வீதியில் வாகன நெரிசல் என்று காலையில் மூதூரில் வயலுக்கு இறங்குபவருக்கு அறிவிப்பார்கள். அவருக்கு வேண்டியது வாய்க்காலில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்பது.

இனி, பேச்சு வானொலி என்றால் என்ன என்று பார்ப்போம். பாட்டை ஓடவிட்டு இடையில் இரண்டு வார்த்தை சொல்வதற்கு ஓர் ஆளும் ஒரு கணினியும் போதும். ஒரு மணி நேரம் கதைப்பதற்கு அப்படி முடியாது. அழைப்பை முதலில் எடுத்து, யார், எதைப் பற்றி என்று விசாரித்துக் குறித்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். விடயம் தெரிந்த விருந்தினர் வேண்டும். யாராவது கோபத்தில் தகாத வார்த்தை விட்டால் வெளியே போகும் முன் வெட்டுவதற்கு, ஒலியைச் சில விநாடிகள் தாமதிக்கும் கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறுக்கே பேசாமல் கேட்கத் தெரிந்த அறிவிப்பாளர் வேண்டும். கருவியை வாங்கிவிடலாம். அப்படி ஓர் அறிவிப்பாளரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம்.

இதையெல்லாம் இலங்கையில் செய்து பார்த்திருக்கிறார்கள். 1980களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ, டென்மார்க் உதவியோடு மகாவலி சமூக வானொலி தொடங்கியது. தயாரிப்பாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியோடு குடியேற்றக் கிராமங்களுக்குப் போய்த் தங்கி, ஜனங்களின் வாயாலேயே நிகழ்ச்சி செய்தார்கள். அப்புறம் கொத்மலை சமூக வானொலி. 1990களின் இறுதியில், இணையம் என்றால் கொழும்பில்கூடப் பலருக்குத் தெரியாத காலம், நேயர்கள் கேட்ட கேள்விக்கு அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, பக்கத்தில் வைத்தியரையோ சட்டத்தரணியையோ இருத்தி, நேரடி ஒலிபரப்பில் விளக்கினார். இவையெல்லாம் கூட்டுத்தாபனத்தின் கீழேயே நடந்தன. கிராமத்தவர் கையில் உரிமம் இருக்கவில்லை. பெயரில் சமூகம் இருந்தது, சாவி கொழும்பில் இருந்தது.

இங்கே ஒரு வழக்கைச் சொல்லியே ஆகவேண்டும். கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. நேயர்கள் தொலைபேசியில் கலந்துகொள்ளலாம். 1995இல் அதைத் திடீரென்று நிறுத்தினார்கள். அதில் பங்குபற்றிவந்த நேயர் ஒருவர், ஆம், வெறும் நேயர், உயர் நீதிமன்றம் போனார். 1996இல் தீர்ப்பு: பங்குபற்றும் நேயருக்கும் பேச்சுச் சுதந்திரம் உண்டு, அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை அவரையும் காக்கிறது, நிறுத்தியது அந்த உரிமையை மீறியது. அடுத்த ஆண்டு ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்தபோது அதே நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசு அவற்றை மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்றது. உப்புவெளிக் கடற்கரை எப்படி யாருக்கும் தனிச் சொத்து இல்லையோ, வானமும் அப்படித்தான். நமக்கென்று ஓர் அலைவரிசை தரும்படி கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

கேட்டு வாங்கினால் எதை ஒலிபரப்புவது?

முதலில் காலை. கடல் எப்படி, காற்று எந்தப் பக்கம், மீன் என்ன விலை, கந்தளாய்க் குளத்தில் தண்ணீர் எவ்வளவு. 2004 டிசம்பர் 26 காலை சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தபோது இங்கே ஏழு மணிகூட ஆகவில்லை. கடல் ஏறியது ஒன்றரை மணி நேரத்துக்கும் பிறகுதான். ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், வீடுகளில் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை கொடுக்கும் அமைப்பு அப்போது இந்து சமுத்திரத்திலேயே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அம்பாறைக் கரையிலோ மட்டக்களப்பிலோ தண்ணீரைக் கண்ட ஒருவர் அழைத்துச் சொல்ல ஓர் எண், அதை எடுக்க ஓர் ஆள் இருந்தால் என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை நிமிடம் மிஞ்சியிருக்கும் என்று கணக்குப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பிறகு முறைப்பாட்டு நேரம். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை, கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள். பாலவேலை நடந்ததால்தான் அந்தப் பாதை ஓடியது. தினமும் அதில் ஏறி இறங்கியவர்களுக்கு அதன் ஆட்டம் தெரியாமலா இருந்திருக்கும்? அவர்கள் கதைக்கவும், பொறுப்பானவர் அதே ஒலிவாங்கியில் அடுத்த நாளே பதில் சொல்லவும் ஓர் இடம் வேண்டும். பதில் சொல்ல வரவில்லை என்றால் "வரவில்லை" என்று தினமும் அறிவிக்கலாம். அதற்கு வழக்கே தேவையில்லை.

மரண அறிவித்தல் கட்டாயம். இந்த முறை இலவசமாக.

இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. சின்ன ஊரில் குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். "பெயர் சொல்ல வேண்டாம் தம்பி" என்று தொடங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரென்று தெரிந்துவிடும். இந்த மாவட்டத்தில் கதைத்ததற்காக மனிதர்கள் கொடுத்த விலையை நான் இங்கே எண்ணத் தேவையில்லை. ஆகவே கடிதத்தை வாங்கி அறிவிப்பாளரே வாசிக்கும் பழைய முறையையும் வைத்திருக்க வேண்டும். தபால்பெட்டி ஒரு நாளும் குரலைக் காட்டிக்கொடுக்காது.

மற்றது மொழி. முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் இது. மணி பிரித்துத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் கொடுத்தால் இரண்டு வானொலிதான் ஓடும். தன் மொழி முடிந்ததும் ஆள் நிறுத்திவிடுவார். சேருவிலவிலிருந்து ஒருவர் சிங்களத்தில் யானைத் தொல்லையைச் சொன்னால், அறிவிப்பாளர் உடனே தமிழில் இரண்டு வரி சொல்லி, வெருகலில் இருப்பவரிடம் "உங்கள் பக்கம் எப்படி ஐயா?" என்று கேட்க வேண்டும். இரு மொழியிலும் அப்படி ஓடித் திரியக்கூடிய பிள்ளைகள் இந்த ஊர்ச் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் நிறைய இருக்கிறார்கள். பட்டப்படிப்பு கேட்காமல் அவர்களிடமிருந்து அறிவிப்பாளர்களை எடுங்கள் என்பதே என் யோசனை.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். செலவுக் கணக்கை யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், கடதாசியில் எழுதிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். கேள்வி உள்ளவர்கள் ஒலிவாங்கிக்கு வரலாம். முதலில் பின்னால் நிற்பவர்கள்.