பிரசவ பயம் பிரசவத்தை என்ன செய்கிறது?

(திரையில்: பரிசோதனைக்காகக் காத்திருக்கும் கர்ப்பிணி)

பிரசவத்தை நினைத்து ஓரளவு அஞ்சுவது இயல்புதான். ஆனால் தூக்கத்தைக் கெடுத்து, வலி தொடங்கும் முன்பே சிசேரியன் வேண்டும் என்று கேட்க வைக்கும் கடும் பயத்தை மருத்துவர்கள் டோக்கோஃபோபியா என்கிறார்கள். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான கணிப்பு, கர்ப்பிணிகளில் சுமார் 14 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகச் சொல்கிறது. அளவுகோல் ஆய்வுக்கு ஆய்வு மாறுவதால் இந்த எண் தோராயமானதே.

(திரையில்: கருப்பைச் சுருக்கங்களின் விளக்கப்படம்)

கருப்பையைச் சுருங்கச் செய்வது ஆக்சிடோசின் என்னும் ஹார்மோன். பயம் மிகும்போது சுரக்கும் அட்ரினலின் அந்தச் சுருக்கங்களைத் தளர்த்தக்கூடும். உடல் இறுகுவதால் வலி கூடுதலாகத் தெரியும், அந்த வலி பயத்தை மேலும் வளர்க்கும். இந்தச் சுழற்சியை 1930-களிலேயே எடுத்துரைத்தவர் பிரிட்டிஷ் மருத்துவர் கிரான்ட்லி டிக்-ரீட். பயம் நீங்கினால் வலியும் பெருமளவு நீங்கிவிடும் என்று அவர் நம்பியதை மட்டும் அப்படியே ஏற்க இயலாது, ஏனெனில் சற்றும் அஞ்சாத பெண்ணுக்கும் பிரசவ வலி கடுமையாக இருக்கலாம்.

நார்வேயில் 2,200-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், வலியைக் குறைக்க முதுகில் போடப்படும் எபிடியூரல் ஊசி போன்ற பிற காரணங்களைக் கணக்கில் கொண்ட பிறகும், பயந்தவர்களுக்குப் பிரசவ வலி நீடித்த நேரம் சராசரியாக 47 நிமிடங்கள் கூடுதலாக இருந்தது. ஆனாலும் அவர்களில் பெரும்பாலோருக்குச் சுகப்பிரசவமே ஆனது. பயந்தவர்களிடம் இந்தப் பாதியைச் சொல்லாமல் விடுவது நியாயமன்று.

(திரையில்: பிரசவ அறை)

பெரிய பாதிப்பு நேரத்தில் அன்று, நினைவில்தான் இருக்கிறது. கடும் பயத்தோடு பிரசவ அறைக்குள் வரும் பெண், விளக்கம் சொல்லாமல் செய்யப்படும் சாதாரணப் பரிசோதனையைக்கூட ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்வாள். தாயும் சேயும் நலம் என்று மருத்துவக் குறிப்பு சொல்லும் பிரசவமே அவளுக்கு மறக்க முடியாத வேதனையாகப் பதிந்து, அடுத்த கர்ப்பத்தையே தள்ளிப்போட வைக்கலாம். மோசமாக நடந்த முதல் பிரசவத்திலிருந்தே பயம் பிறப்பதும் உண்டு.

15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளைத் திரட்டிய 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வில் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்டது), பிரசவம் முழுவதும் ஒருவர் விலகாமல் உடனிருந்தபோது சிசேரியன்கள் குறைந்திருந்தன. அனுபவம் மோசமாக இருந்தது என்று சொன்னவர்களும் குறைவு.

பயத்துக்கு ஏற்ற இத்தகைய உதவியைக் கர்ப்பகாலத்திலேயே ஏற்பாடு செய்ய வேண்டுமானால், பரிசோதனையின்போது “பயமாக இருக்கிறதா?” என்பதோடு நிறுத்தாமல், “எதை நினைத்துப் பயம்?” என்றும் கேட்க வேண்டும். வலிக்கு அஞ்சுபவளிடம் வலிநிவாரணம் பற்றிப் பேசலாம். தன்னைக் கேட்காமல் ஏதேனும் செய்துவிடுவார்களோ என்று அஞ்சுபவளுக்கு, ஒவ்வொரு படியிலும் அவளுடைய சம்மதம் கேட்கப்படும் என்ற உறுதியே தேவை.