‘டெம்பர்’: பதம் பார்க்கும் வினைச்சொல்

(காரைக்குடியில் ஆங்கில ஆசிரியர்களுக்கும் போட்டித் தேர்வு மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர்க்கு வணக்கம்.

‘டெம்பர்’ என்றால் கோபம் என்றே நம் பிள்ளைகள் எழுதிப் பழகிவிட்டார்கள். வினைச்சொல்லாக வரும்போது அது பொருந்தாது. கடுமையான ஒன்றை, அதற்கு மாற்றான இன்னொன்றைச் சேர்த்து மட்டுப்படுத்துவதே அங்கே பொருள். உரிய அளவில் கலப்பதைக் குறிக்கும் ‘டெம்பராரே’ என்ற லத்தீன் சொல்தான் மூலம். ‘டெம்பரேச்சர்’ கூட இதே குடும்பம்தான்.

வெறுமனே ‘குறை’ என்று மொழிபெயர்த்தால் இந்தக் கலப்பு விடுபட்டுப்போகிறது. நம் அடுப்படிக்கே வாருங்கள். கோழிக் குழம்பில் மிளகாய் தூக்கலாகிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் குழம்பு நீர்த்து, உப்பும் புளிப்பும் சேர்ந்தே போய்விடும். அது ‘டைல்யூட்’. மிளகாயில் உறைக்கும் கேப்சைசின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். ஆகவே ஆச்சிமார் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றி, தளதளவென்று கொதிக்கவிடாமல் இறக்கிவிடுவார்கள். கொதித்தால் பால் திரிந்துவிடும். காரம் போகவில்லை, பதத்துக்கு வந்திருக்கிறது. இதுதான் ‘டெம்பர்’.

வாக்கியத்தில் அமைப்பது எப்படி? ஆள் எழுவாயானால், தணிக்கப்படுவது முதலில், தணிப்பது ‘வித்’துக்குப் பின்னால்: ‘தி ஜட்ஜ் டெம்பர்டு ஜஸ்டிஸ் வித் மெர்சி’. நீதியோடு இரக்கத்தைச் சேர்த்தார் என்று பொருள். தணிக்கும் பொருளே எழுவாயாகவும் வரலாம்: ‘தி கோர்ட்யார்டு டெம்பர்ஸ் தி ஹீட்’. நம் வீடுகளின் முற்றத்தையும் தடித்த சுண்ணாம்புச் சுவரையும் ஆங்கிலத்தில் வருணிக்க இதைவிடப் பொருத்தமான வினை கிடைப்பது அரிது. செயப்பாட்டு வினையில் ‘டெம்பர்டு பை’ என்று எழுதுங்கள். ஃபேன் வேகத்தையோ ரேடியோ சத்தத்தையோ ‘டெம்பர்’ செய்ய முடியாது. அவற்றுக்கு ‘டர்ன் டவுன்’ போதும். ஆர்வம், விமர்சனம், எதிர்பார்ப்பு, வெயில், கண்டிப்பு இவற்றோடுதான் இது இயல்பாகச் சேரும்.

உலைக்களத்திலும் இந்தச் சொல் உண்டு. நம் மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளை நினைத்துக்கொள்ளுங்கள். எஃகைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று முக்கினால் விறைத்துக் கடினமாகும். ஆனால் ஓங்கி வெட்டினால் தெறித்துவிடும். அதனால் மறுபடி மிதமாகச் சூடேற்றுவார்கள். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் நிறம் மாறும்: சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சள், 300க்குப் பக்கத்தில் நீலம். மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், நீலம் வரை போனால் அடி தாங்கும். கொஞ்சம் கடினத்தை விட்டுக்கொடுத்து உறுதியை வாங்குவதே ‘டெம்பரிங்’.

செல்போனில் ஒட்டும் ‘டெம்பர்டு கிளாஸ்’ இதிலிருந்து மாறுபட்டது. ஜன்னல், கார்களுக்கான அவ்வகைக் கண்ணாடியைச் சுமார் 620 டிகிரிக்குச் சூடாக்கி, காற்றடித்து வேகமாகக் குளிரவைக்கிறார்கள். அங்கே பொருள் தணித்தல் அல்ல, வலுவேற்றல். சமையல் புத்தகங்களில் தாளிப்பதையும் ‘டெம்பரிங்’ என்கிறார்கள். கடுகு வெடித்தால் மணம் கூடுகிறதே தவிர எதுவும் தணிவதில்லை. இரண்டையும் தனிப் பொருளாக நினைவில் வையுங்கள்.

‘லாஸ்ட் ஹிஸ் டெம்பர்’ என்பதைக் ‘கோபத்தை இழந்தான்’ என்று எழுதியவர்கள் உண்டு. அங்கே ‘டெம்பர்’ மனத்தின் சமநிலை. ‘நிதானம் இழந்தான்’ என்றால் மூலத்தின் பொருளும் வந்துவிடும்.

அதிக மதிப்பெண்ணைப் பறிக்கும் பிழை ஒன்று பாக்கி. சாட்சியத்தைக் கலைப்பது ‘டேம்பர் வித் எவிடன்ஸ்’. இதை ‘டெம்பர் வித்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘டெம்பர்’ருக்கும் ‘வித்’துக்கும் நடுவே செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வித்’ ஒட்டியே வந்தால், நீங்கள் தேடிய சொல் பெரும்பாலும் ‘டேம்பர்’தான்.